குதிக்காலை வெளியே திருப்பு

முதல்ல பெயரில் இருக்கிற குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிளிப்லெஸ் பெடல் என்றால் கிளிப் இல்லாத பெடல். ஆனால் அதில் சப்பாத்தை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற சாமானுக்கு ஏன் பிடி இல்லாதது என்று பெயர் வைத்தார்கள்? இதற்கு முன்னால் பந்தயச் சைக்கிள்களில் டோ கிளிப் என்று ஒரு இரும்புக் கூடு இருந்தது. பெடலின் முன்பக்கம் பூட்டியிருக்கும். கால்விரல்களை அதுக்குள்ள நுழைத்து, மேலால ஒரு தோல் வாரை இழுத்துக் கட்ட வேணும். நிற்க வேணுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேணும். அந்தக் கூடு இல்லாத பெடல் வந்தபோது அதைக் கிளிப்லெஸ் என்றார்கள். கூட்டை எல்லாரும் மறந்துபோயிட்டாங்க, பெயர் மட்டும் நிக்குது.

எங்க வீட்டில் இதுக்கு வேற பெயர். பூட்டுப் பெடல். அம்மா வைத்தது. "காலைப் பூட்டிக்கிட்டு ரோட்டுல போறதா? எதிர்ல பஸ் வந்தா தொறப்பு தேடுவியா புள்ள?" என்று கேட்டா. சிரிப்பு வந்தாலும், இந்தப் பெடலைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. யூடியூப்பில் சைக்கிள் ஆட்கள் எல்லாரும் அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்குது, எவ்வளவு வேகம் தருது என்று பேசுறாங்க. அம்மா மட்டும்தான் அது எப்படி விடும் என்று கேட்டா.

இந்தச் சைக்கிள் எங்க வீட்டுக்கு வந்தது 2022இல். அந்த வருசம் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அரசாங்கம் சொன்னது ஞாபகமிருக்கும். லீற்றர் 470 ரூபாவுக்குப் போயிருந்தது, அந்த விலைக்கும் கிடைக்கல. கியூ.ஆர். முறை வரும் வரைக்கும் எங்க தெருவில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் விறாந்தையில் துணி போர்த்திக்கொண்டு நின்றன. அண்ணாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் வேலை. பஸ்ஸும் ஒழுங்கா இல்லை. சைக்கிள் விலை ஏறிக்கொண்டே போன நேரத்தில், ஜப்பானில் இருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றை எப்படியோ பிடித்துக்கொண்டு வந்தான். நல்ல சைக்கிள்தான், கியர் எல்லாம் பளிச்சென்று விழுந்தது. பெடலைப் பார்த்தால் மட்டும் ஏதோ குறைபட்ட மாதிரி இருந்தது. கால் வைக்க இடமே இல்லை. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு, இரண்டு பக்கமும் கொக்கி, ஸ்பிரிங். செருப்போடு மிதித்தால் வழுக்கியது. விற்றவருக்கும் அது என்னவென்று தெரியாது.

டவுனில் ஒரு வயசான சைக்கிள் பாஸ் இருக்கிறார். சிங்கள ஆள், எங்க அப்பா சின்ன வயசில் சைக்கிள் ஓட்டியபோதே கடை வைத்திருந்தவர். அவர் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேக மொகக்த புதே?" என்றார். இது என்ன மகனே. ஆனால் கழற்றச் சொன்னதும் ஒரு நிமிசம்கூட யோசிக்கல. வலது பெடலை வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினார், இடது பெடலை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். இடது பெடலின் புரி தலைகீழ். அப்படி இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்று வந்துவிடும். லுமாலா, ரலி, ஜப்பான் சைக்கிள் எல்லாவற்றிலும் இது ஒன்றுதான். புரியின் அளவும் பதினாறில் ஒன்பது அங்குலம், பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிள்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொது. அதாவது எங்கயோ ஒசாகாவில் செய்த பெடலைக் கழற்றி, வத்தேகமயில் கிடைக்கிற சாதாரணப் பெடலைப் போடலாம். அண்ணா அதைத்தான் செய்திருக்க வேணும் என்று எல்லாரும் சொன்னாங்க. அவன் கேட்கல. கொழும்பில் பழைய சப்பாத்து விற்கிற ஒரு இடத்தில் இந்தப் பெடலுக்கு உரிய சப்பாத்தைத் தேடிப் பிடித்தான்.

முதல் கிழமையே மடவளையில், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு முன்னாலேயே, ஒரு அவசரமும் இல்லாமல், மரம் சாய்கிற மாதிரி சாய்ந்து விழுந்தான். ஓடும்போது விழல. நின்ற பிறகு விழுந்தான். இந்தப் பெடல் பழகுகிற ஆட்கள் உலகம் முழுக்க இப்படித்தான் விழுறாங்க என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். சைக்கிள் நின்றுவிட்டது, காலை ஊன்ற வேணும், உடம்பு பழைய பழக்கத்தில் காலை மேலே இழுக்குது. பெடல் விடாது. மேலே இழுத்தால் விடக்கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். குதிக்காலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் உடனே விடும். அதை அறிவு சொல்லும், பயந்த காலுக்குத் தெரியாது.

விடுவது எப்படி என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கு. சப்பாத்தைப் பெடலோடு பூட்டுகிற யோசனை ரொம்பப் பழசு. 1895இலேயே அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹான்சன் என்பவர் காலைத் திருப்பினால் பூட்டி, திருப்பினால் கழறுகிற ஒரு பெடலுக்கு உரிமம் எடுத்திருக்கிறார். அது பரவல. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் சினெல்லி ஒரு பெடல் கொண்டுவந்தது. அதில் சப்பாத்தைக் கழற்ற வேணுமென்றால் குனிந்து கையால் ஒரு நெம்பை இழுக்க வேணும். அம்மா சொன்ன பூட்டு அதுதான், அசல் பூட்டு. சைக்கிள்காரர்கள் அதுக்கு மரணப் பெடல் என்ற மாதிரிப் பட்டப்பெயர்கள் வைத்தார்கள்.

பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிரான்சின் நெவேர் நகரத்தில் லுக் என்று ஒரு கம்பனி. அவர்கள் சைக்கிள்காரர்களே இல்லை. பனிச்சறுக்கு ஆட்களின் சப்பாத்தைச் சறுக்குப் பலகையோடு பிடித்து வைக்கிற கருவி செய்தவர்கள். பனிமலையில் வேகமாக வந்து விழுகிற ஒருவருடைய காலில் அந்த நீளப் பலகை மாட்டிக்கொண்டே இருந்தால், பலகை திரும்புகிற பக்கம் கால் எலும்பு முறியும். அதனால் அவர்களுடைய தொழிலே, ஓடும்போது அசையாமல் பிடித்து, கால் முறுக்குகிற நேரத்தில் தானாக விட்டுவிடுகிற கருவி செய்வதுதான். அந்த அறிவை 1984இல் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருசம், 1985இல், பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அவருடைய அணியின் முதலாளியும் லுக் கம்பனியின் முதலாளியும் ஒரே ஆள், பெர்னார் தப்பி. ஆகவே விளம்பரமும் அதிலேயே முடிந்தது. பனியைக் கண்ணாலும் காணாத நாங்கள் மலையேற்றத்தில் மிதிக்கிற பெடலுக்குள்ள பனிச்சறுக்கு ஆட்களின் பயம் ஒன்று இருக்குது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது.

லுக்கின் பெடலுக்கு ஒரு குறை. சப்பாத்தின் அடியில் பூட்டுகிற துண்டு பெரிய பிளாஸ்டிக் முக்கோணம், சப்பாத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிக்கும். அதைப் போட்டுக்கொண்டு தாரா நடக்கிற மாதிரித்தான் நடக்கலாம். பந்தயக்காரருக்குப் பரவாயில்லை. 1990இல் ஜப்பானின் ஷிமானோ எஸ்.பி.டி. என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு சின்ன இரும்புத் துண்டு, சப்பாத்தின் அடியில் குழிக்குள்ள உட்கார்ந்துகொள்ளும். இறங்கி நடக்கலாம், படி ஏறலாம். அண்ணாவின் சைக்கிளில் வந்தது இந்த வகைதான்.

சப்பாத்தில் இருக்கிற அந்தத் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். அது எப்படிப் பூட்டுது என்று தெரிய உங்க வீட்டுக் கதவைப் பாருங்க. கதவுப் பூட்டில் ஒரு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். கதவைத் தள்ளிச் சாத்தும்போது நிலையில் பட்டு, அந்தச் சாய்வு காரணமாக நாக்கு உள்ளே போய், பிறகு ஸ்பிரிங் தள்ள வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். பெடலில் முன்பக்கம் அசையாத ஒரு கொக்கி. பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு தாடை. கிளீட்டின் மூக்கை முன்கொக்கிக்குள்ள செருகி, கீழே மிதித்தால், பின்தாடை பின்னால் போய் வழிவிட்டு, திரும்ப வந்து கிளீட்டின் வாலைப் பிடிக்கும். அதுதான் அந்த 'டக்'.

விடுவதும் சாய்வால்தான். கிளீட்டின் பின்பக்க ஓரங்கள் நேராக வெட்டப்பட்டவை இல்லை. குதிக்காலை வெளியே திருப்பும்போது அந்த ஓரம் தாடையை மெல்ல மெல்லப் பின்னால் தள்ளும். முதலில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் நடக்காது, கால் சும்மா ஆடும். எஸ்.பி.டி.யில் இந்த ஆட்டம் ஏறத்தாழ 4 பாகை. அதுக்குப் பிறகு ஸ்பிரிங் எதிர்க்கும். இன்னும் திருப்பினால் தாடை திறந்து கால் வெளியே. மேலே இழுத்தால் இந்தச் சாய்வுக்கு வேலையே இல்லை, தாடை அப்படியே நிக்கும். தொறப்பு தேட வேண்டியதில்லை, தொறப்பு குதிக்காலில இருக்குது.

அண்ணா 2023இல் கட்டாருக்குப் போனான். எங்க தெருவில் அந்த வருசம் போன நாலாவது ஆள். சைக்கிள் விறாந்தையில் நின்றது. எனக்கு ஏ.எல். முடிந்து, பேராதனைக் கம்பஸ் தொடங்கும் வரைக்கும் வீட்டில் சும்மா இருந்த காலம். சீட்டை இறக்கினேன். அண்ணாவின் சப்பாத்து 42, என்னுடையது 38. பழைய சாமான் விளம்பரம் ஒன்றில் 38இல் ஒரு சோடி கிடைத்தது, யாரோ பள்ளிக்கூடப் பந்தயக்காரப் பிள்ளை போட்டு வளர்ந்து விட்டது போல. பழகியது முழுக்க வட்ஸ்அப் வீடியோ கோலில். விறாந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, பூட்டுவது, கழற்றுவது. இடது கால் ஐம்பது தடவை, வலது கால் ஐம்பது தடவை. அண்ணா அங்கே நைட் ஷிஃப்ட் முடித்துச் சாப்பிட்டுக்கொண்டே எண்ணுவான். "குதிக்கால வெளிய திருப்பு தங்கச்சி, மேல இழுக்காத. கால் யோசிக்காமச் செய்ற வரைக்கும் கேட்டுக்கு வெளிய போகாத." நான் ரோட்டில் ஒரு தடவையும் விழாததுக்கு அந்தச் சுவர்தான் காரணம். பழகப் போகிற யாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பிறகு.

இனி சரிசெய்கிற வேலை. இதைப் பயந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. இரண்டு அலன் கீ போதும், 3 மில்லிமீற்றர் ஒன்று, 4 மில்லிமீற்றர் ஒன்று.

3 மில்லிமீற்றர் ஸ்பிரிங்குக்கு. பின்தாடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி தெரியும். வலப்பக்கம் திருப்பினால் இறுக்கம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். கையில் 'கிளிக் கிளிக்' என்று உணரலாம், ஷிமானோவில் ஒரு முழுச் சுற்றுக்கு நாலு கிளிக். இரண்டு பக்கமும் பூட்டுகிற பெடல் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் திருகாணி, ஆக ஒரு சோடிக்கு மொத்தம் நாலு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஒரு பக்கத்தைத் தளர்த்திவிட்டு மறுபக்கத்தை மறந்தால், பெடல் சுழன்று எந்தப் பக்கம் காலுக்கு வருதோ அதைப் பொறுத்து ஒருநாள் லேசாகக் கழறும், ஒருநாள் கழறாது. எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எண்ணி எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேணும். புதுசாகப் பழகுகிறவர்கள் தயங்காமல் அடியில் இருந்தே தொடங்குங்க, ஆனால் திருகாணியே கழன்று விழுகிற அளவுக்குத் தளர்த்த வேணாம். பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், அது எல்லையைக் காட்டும். இறுக்கமாக வைத்திருப்பது ஏதோ திறமைசாலிகளின் அடையாளம் என்ற மாதிரி ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அதில் மரியாதை இல்லை.

கிளீட்டும் இரண்டு விதம். பெரும்பாலும் கறுப்பாக இருக்கிற எஸ்.எச்.51 குதிக்காலை வெளியே திருப்பினால் மட்டும்தான் விடும். வெள்ளி நிற எஸ்.எச்.56 பல பக்கத்துக்கும் விடும், பயத்தில் குதிக்காலைக் கோணலாக மேலே இழுத்தாலும் விடும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது எதிர்பாராமல் கழறக்கூடும் என்பது அதன் குறை. அம்மாவுக்குக் காட்ட நான் வாங்கியது வெள்ளி. பிறகு கறுப்புக்கு மாறினேன்.

4 மில்லிமீற்றர் அலன் கீ கிளீட்டுக்கு, அதாவது முழங்காலுக்கு. நிமிசத்துக்கு 80 சுற்று மிதிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4800 தடவை மடங்கி நிமிருது. சாதாரணப் பெடலில் பாதம் தனக்கு வசதியான கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். பூட்டுப் பெடலில் நீங்கள் பூட்டிய கோணத்தில்தான் 4800 தடவையும். கோணம் கொஞ்சம் பிழை என்றாலும் அந்தக் கணக்கை முழங்கால் கட்டும்.

கிளீட்டை நேராக வைத்துத் தொடங்கு என்பது பொதுவான ஆலோசனை. நானும் அப்படித்தான் வைத்தேன். பன்வில ரோட்டில் ஏறத் தொடங்கி இரண்டாவது கிழமை இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலி. கம்பஸில் கலைப்பீடத்துப் படிகளில் இறங்கும்போதும் வலித்தது. அம்மா சைக்கிளை விற்கச் சொன்னா. அண்ணா மட்டும், "மேசையில ஏறி உக்காரு" என்றான். மேசை ஓரத்தில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டு, ஒன்றும் செய்யாமல், பாதங்கள் எந்தப் பக்கம் பார்க்குது என்று போனைக் கீழே வைத்துக் காட்டினேன். வலது பாதம் ஏறத்தாழ நேராக. இடது பாதம் தெளிவாக வெளியே பார்த்தது. இருபத்திரண்டு வருசமாக இந்தக் காலில்தான் நடக்கிறேன், அது கோணலாக நிக்குது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே மூளையைக் குழப்புகிற ஒரு விசயம். பாதம் வெளியே பார்க்க வேணுமென்றால் கிளீட்டை எந்தப் பக்கம் திருப்ப வேணும்? வெளியே என்றுதான் கை போகும். ஆனால் பெடலுக்குள்ள கிளீட் எப்பவும் நேராகத்தான் நிக்கும், திரும்புவது சப்பாத்து. அதனால் கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கம், அதாவது உள்ளே திருப்பினால், சப்பாத்தின் மூக்கு வெளியே பார்க்கும். எல்லாம் இப்படித் தலைகீழ்தான். கிளீட்டை உள்ளே தள்ளினால் கால் வெளியே நகரும். கிளீட்டைப் பின்னால் தள்ளினால் கால் பெடலில் முன்னால் போகும். முன்பின் இடத்தைப் பொறுத்தவரை, பெருவிரலின் அடியில் இருக்கிற அந்தப் பருத்த எலும்புக்கு நேர் கீழே, அல்லது அதுக்குக் கொஞ்சம் பின்னால் என்று வைத்துப் பாருங்க. முன்னால் போகப் போகக் கெண்டைக்காலுக்கு வேலை கூடும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் மில்லிமீற்றர் கணக்கில். மாற்றுவதுக்கு முன்னால் பழைய இடத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டுக்கொள்ளுங்க. பிடிக்காவிட்டால் திரும்பிப் போக அந்தக் கோடுதான் வழி. திருகாணிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, இரண்டையும் மாறி மாறி இறுக்க வேணும். ஷிமானோ சொல்லுகிற அளவு 5 முதல் 6 நியூட்டன் மீற்றர். அளக்கிற ஸ்பனர் என்னிடம் இல்லை, அலன் கீயை நடுவில் பிடித்து மணிக்கட்டால் நன்றாக இறுக்குகிறேன். இது சும்மா அழகுக்கு இல்லை. கிளீட் தளர்ந்து போனால் குதிக்காலைத் திருப்பும்போது சப்பாத்து மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நிக்கும். அம்மா பயந்தது அப்போதுதான் உண்மையாகும். அதனால் நீளமாகப் போகிற நாளில் வீட்டை விட்டு இறங்க முதல் இரண்டு சப்பாத்தையும் கவிழ்த்துப் பார்க்கிறேன்.

இடது கிளீட்டை மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு மாசத்துக்குள்ள வலி போயிட்டு. வலி விடாவிட்டால் டொக்டரிடம் போக வேணும், இணையத்தில் எழுதுகிற கலைப்பீடப் பிள்ளையிடம் இல்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? 'காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி கூடும்' என்றுதான் எல்லாரும் முதலில் சொல்லுவாங்க. அது பெரும்பாலும் கதை. 2007இல் தொமஸ் கோர்ஃப் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பயிற்சியுள்ள சைக்கிள்காரர்களை வேண்டுமென்றே காலை மேலே இழுத்து மிதிக்கச் சொன்னபோது, ஒரே வேலைக்கு உடம்பு கூடுதல் சக்தியைச் செலவழித்தது. கீழே மிதிப்பதுதான் வேலை, மற்றக் கால் பாரமாக இல்லாமல் மேலே வந்தால் போதும். ஆகவே வேகத்துக்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம்.

எனக்கு லாபம் வேற. எங்க பக்கம் மழை என்றால் சொல்லிவிட்டு வராது. நனைந்த செருப்பு சாதாரணப் பெடலில் வழுக்கி, பெடல் திரும்பி வந்து முன்னங்காலில் அடித்த தழும்பு சைக்கிள் ஓட்டிய எல்லாரிடமும் இருக்கும். பன்வில பக்கமிருந்து இறங்கும்போது ரோட்டில் பள்ளம் வந்தால், பிரேக்கில் இரண்டு கையும் இருக்க, கால் பெடலில் இருந்து துள்ளிப் போகாமல் நிக்குது. ஏற்றத்தில் கால் எங்கே இருக்குது என்று யோசிக்கத் தேவையில்லை. அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை இது பெரிசு.

எங்கே பூட்டக்கூடாது என்பதையும் சொல்ல வேணும். வத்தேகமயில் இருந்து மடவளை, பொல்கொல்ல என்று கண்டிக்குப் போகிற ரோட்டில் பஸ்கள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு ஓடுகிற நேரம் உங்களுக்குத் தெரியும். பின்னால் ஹோர்ன் கேட்டால் நான் முதலில் செய்வது இடது காலைக் கழற்றுவது. இங்கே எல்லாரும் இடப்பக்கம் போகிறோம், ஒதுங்கி நின்றால் ரோட்டோரம் இடது காலடியில்தான் வரும். வலது கால் ஊன்றினால் அது பஸ் போகிற பக்கம். அதனால் கையேடு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொன்னாலும், நான் இடது பெடலை வலதைவிட இரண்டு கிளிக் தளர்வாக வைத்திருக்கிறேன். கண்டி டவுனுக்குள்ள, மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமெல்லாம், இரண்டு காலும் வெளியே, அல்லது இறங்கி உருட்டுவது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் பூட்டாகவும் இருக்கிற பெடலும் வருது. செருப்போடும் போகலாம், சப்பாத்தோடும் போகலாம். புதுசாக வாங்குவதென்றால் எங்க ஊருக்கு அதுதான் சரி என்பேன்.

பொம்பளப் பிள்ளை இறுக்கமான சப்பாத்தும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு சைக்கிளில் போறதைப் பார்த்து ஊர் பேசினதையும் எழுதலாம். எழுத ஒன்றும் புதுசா இல்லை, உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். நான் நிற்கிற இடத்தில் எல்லாம் சின்னப் பிள்ளைகள் பெடலைப் பார்க்க வருவாங்க. அதில் ஒரு பிள்ளை, பத்து வயசு இருக்கும், சப்பாத்தைக் கழற்றித் தரச் சொல்லிக் கையிலேயே கிளீட்டைப் பெடலுக்குள்ள அமத்திப் பூட்டிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே சப்பாத்தைத் திருப்பிக் கழற்றினாள். நான் ஐம்பது தடவை பழகினதை ஒரே தடவையில் செய்தாள்.

கிளீட் இரும்பு என்றாலும் தேயும். கல்லு ரோட்டில் நடந்தால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் பூட்டும்போது சத்தம் மந்தமாகும், கால் அதிகமாக ஆடும், சில நேரம் கேட்காமலே கழறும், சில நேரம் கழற்றச் சிரமப்படுத்தும். மழைக் காலத்தில் சிவப்பு மண் குழிக்குள்ள போய் இறுகினால் பூட்டவே பூட்டாது, ஒரு ஈர்க்குச்சி வைத்துக் கிண்டி எடுக்க வேணும். ஸ்பிரிங்குக்கும் தாடைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேணும். இல்லாவிட்டால் எண்ணெயில் மண் ஒட்டும்.

இப்போது என் இடது கிளீட்டின் வால் பளபளவென்று தேய்ந்து மெலிந்து போயிருக்கு. வலது இன்னும் புதுசு மாதிரி. இடது கால்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழறுது, அதனால் அப்படித்தான் இருக்கும். ஆனால் விற்பது சோடியாகத்தான். இங்கே விசாரித்த விலை என் மகாபொல காசுக்குச் சரிவராது. அண்ணாவின் ரூமில் இருக்கிற மாத்தளைப் பொடியன் ஒருவன் லீவில் வரும்போது கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். கறுப்பா வெள்ளியா என்று கேட்டான். கறுப்பு என்று அனுப்பிவிட்டு, வந்ததும் பழைய வலதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். கிளீட்டில் இடது வலது வித்தியாசம் இல்லை. தேயாத வலது துண்டை இடது சப்பாத்துக்கு மாற்றினால் அவன் வரும் வரைக்கும் தாங்கும். பேனைக் கோடு மட்டும் புதுசாகப் போட வேணும்.